குழந்தைக்குப் பருவத்தின் பெயர்

குழந்தைக்குப் பெயர் வைப்பது வீட்டு விஷயந்தானே, அதைப்பற்றிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். குழந்தை பிறப்பது ஒரு வீட்டில்தான்; ஆனால் அதன் பெயர் பள்ளிக்கூடத்திலும், சந்தையிலும், சபையிலும், சர்க்கார் ஏட்டிலும் வழங்குகிறது. ஒரு ஜனசமூகம் எதைப் பெருமையாகக் கருதுகிறது, எதைக் கண்டு கூச்சப்படுகிறது என்பதை அதன் பெயர்களிலிருந்தே அறிந்துகொள்ளலாம். பருவங்களின் பெயரைக் குழந்தைகளுக்கு இடவேண்டுமென்ற ஆசை இக்காலத்தில் படித்த குடும்பங்கள் பலவற்றில் இருந்து வருகிறது. ஆசை நல்லதே. ஆனால் எந்த நாட்டுப் பருவம் என்று யோசித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

நம் முன்னோர் ஆண்டை 6 பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குக் காரையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிமையாக்கிற்று. ஆகவே தமிழனுக்குப் பருவம் என்பது பஞ்சாங்கக் கணக்கு மாத்திரமன்று. அவன் கண்முன் விரிந்து கிடக்கும் நிலத்தின் கோலமுமாகும்.

வங்காளத்தைப் பாருங்கள். நாவலாசிரியர் சரத் சந்திர சட்டோபாத்தியாயர் 1876 செப்டம்பரில் பிறந்தவர். நேதாஜியின் தமையனார் சரத் சந்திர போஸ் 1889 செப்டம்பரில் பிறந்தவர். அந்நாட்டில் அது சரத் காலம். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, ஆற்றோரத்து நாணல் வெண்மையாகப் பூத்து, துர்க்கா பூஜைக்கு ஊர்கள் ஆயத்தமாகும் காலம். அப்பொழுது எழும் நிலவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், பெயரும் வானமும் ஒத்துப்போகின்றன.

வடமொழிக் கணக்கிலோ சரத் ருது நமது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வருகிறது. அப்பொழுது நமது வானம் தெளிந்தா இருக்கிறது? வடகிழக்குப் பருவக்காற்று வீசி, தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதியைக் கொட்டுகிற காலமல்லவா அது! 2015-ல் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் அக்காற்றோடு வந்ததே. அடைமழையில் பிறந்த பிள்ளையைத் தெளிந்த வானத்தின் பெயரால் அழைக்கிறோம். பெயரில் குற்றமில்லை, அதைப் பெற்றெடுத்த வானம் வேறு.

பிரான்சு தேசத்தில் 1793-ல் புரட்சிக்காரர்கள் பழைய பஞ்சாங்கத்தைத் தள்ளிப் புதியதொன்றை வகுத்தனர். மூடுபனி, உறைபனி, மழை, மலர், அறுவடை என்று மாதங்களுக்கெல்லாம் பருவத்தின் பெயர். பெற்றோர் சிலர் அப்பெயர்களைக் குழந்தைகளுக்கும் இட்டனர். ஆயினும் அவை பாரிஸைச் சுற்றிய நிலத்தின் பருவங்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த கரீபியத் தீவுகளில் உறைபனி மாதத்திலும் வெயில்தான் காய்ந்தது. 1806 பிறந்ததும் அந்தப் பஞ்சாங்கம் வழக்கொழிந்தது. ஆணையால் வந்த பருவம் ஆணையாலேயே போயிற்று. தன் சொந்த நிலத்தில் வேரூன்றிய பெயரை எந்த ஆணையாலும் அழிக்க முடியாது.

நம்மிடம் அத்தகைய பெயர் இல்லையா? மாரி என்றால் மழை. மாரியப்பன், மாரிமுத்து, முத்துமாரி என்ற பெயர்களைக் கிராமத்து ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றனர். பாரியின் கொடையைப் பாட வந்த கபிலர் அவனுக்கு இணையாக நிறுத்தியது மாரியைத்தான். அத்தகைய பெயரைத் தாங்கிய சிறுவன் பட்டணத்துப் பள்ளியில் பரிகாசத்துக்கு ஆளாகிறான். பரிகசிக்கும் குடும்பத்திலோ பெண்ணுக்கு வர்ஷா என்று பெயர்! அதற்கும் பொருள் மழையே. ஒன்று நாகரிகம், மற்றொன்று பட்டிக்காடு என்று தீர்ப்புச் சொன்னவர் யார்? இது மொழியைப் பற்றிய வழக்கன்று. ஏழையின் வாயில் வழங்குவதெல்லாம் இழிவு என்னும் மனப்பான்மையே இதில் பேசுகிறது.

இதைவிடக் கொடியது சித்திரையைப் பற்றிய பயம். சித்திரையில் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாதென்று சொல்லி, ஆடியில் புதுமணத் தம்பதிகளைப் பிரித்து வைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. கோடையில் பிரசவம் தாய்க்கும் சேய்க்கும் வருத்தம் என்ற கவலை ஒருகாலத்தில் நியாயமாக இருந்திருக்கலாம். பிறந்த சிசுவின்மேல் பழி சுமத்துவதற்கு என்ன நியாயம் உண்டு? வேம்பு பூத்து, மா பழுக்கத் தொடங்கும் அப்பருவத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் இளவேனில். சித்திரையில் பிறந்த குழந்தைக்கு அப்பெயரையே சூட்டிப் பாருங்கள். பழி சொல்லும் பாட்டியும் நாள்தோறும் அந்த இனிய சொல்லால் அழைத்தே தீரவேண்டும்.

தேடினால் பெயருக்குப் பஞ்சமில்லை. காருக்கு முகிலனும் முல்லையும், கூதிருக்குக் காந்தள், பனிக்காலத்துக்குப் பனிமலர், வேனிலுக்குத் தென்றல். ஆடியில் புதுப்புனல் வருங்காலத்தில் பிறந்தவளுக்குப் பொன்னி என்னும் பெயரினும் பொருத்தமானது எது? ஆனால் ஓசையை மாத்திரம் நம்பி ஏமாறலாகாது. மாசிலாமணிக்கும் மாசி மாதத்துக்கும் சம்பந்தமில்லை. அது குற்றமற்ற மணி என்று பொருள்படுவது.

ஆகையால் பெற்றோர்களே! பெயர்ப் பட்டியலைப் புரட்டுமுன் வீட்டு வாயிலில் நின்று வானத்தைப் பாருங்கள். எண் கூட்டிப் பார்ப்பவரிடம் போகுமுன் வயலில் என்ன விளைந்திருக்கிறதென்று கேளுங்கள். மாரி என்ற பெயரைக் கூசாமல் சபையில் உரக்கச் சொல்லும் நாளில்தான், இந்த மண்ணைத் தமதென்று உணர்ந்தவராக நாம் சொல்லிக்கொள்ளலாம்.