கப்பலைக் கேளாதீர்கள், கரையைக் கேளுங்கள்!

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும். பயண முகவர் கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் வெள்ளைவெளேரென்று ஒரு கப்பல் வந்து நின்றுவிடும். பதினைந்து மாடி உயரம். மேல்தட்டில் நீச்சல்குளம், சறுக்கல் விளையாட்டு, வண்ண விளக்குகள். கொட்டை எழுத்தில் விலை. 'இந்தக் கப்பல் எந்த ஊருக்குப் போகிறது?' என்ற விவரம் மட்டும் மூலையில், பொடி எழுத்தில் இருக்கும்.

அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் பணம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகளுக்குத் தினமும் 'கேள்வியை ஒழுங்காகப் படி, பிறகு விடை எழுது' என்று சொல்லும் ஆசிரியைக்கு அப்படி ஒரு கவனக்குறைவு!

2017ஆம் ஆண்டு. பால்மரக் காட்டிலேயே பாதி வாழ்நாளைக் கழித்த என் தாயாருக்கு அப்போது அறுபத்தாறு வயது. "சாகறதுக்குள்ள இன்னொரு தரம் கப்பல்ல போகணும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டுப் பின்புறத்தில் கீரையும் கத்தரியும் போட்டு விற்றுச் சேர்த்த 500 வெள்ளியை ஒரு நாள் என் கையில் வைத்தார். தம்பியும் நானும் மீதியைப் போட்டோம். "அக்கா, பெரிய கப்பலாப் பார்த்து எடுப்போம். அம்மா ஒரு தடவைதானே போகப் போறாங்க" என்றான் தம்பி. எனக்கும் அது சரியாகவே பட்டது.

சிங்கப்பூரில் ஏறினோம். 'பாங்காக்' போகும் கப்பல் என்று முகவர் சொல்லியிருந்தார். சன்னல் இல்லாத அறை. பிள்ளைகள் மேல்தட்டே கதியென்று இருந்தார்கள். அம்மா இரண்டாம் நாள் மாலை என்னைப் பார்த்து, "ஏம் புள்ள, ஊர் எப்ப வரும்?" என்றார். "நாளைக்கும்மா" என்றேன்.

மறுநாள் ஊர் வந்தது. ஆனால் அது பாங்காக் அல்ல. லேம் சாபாங் என்ற சரக்குத் துறைமுகம். பாங்காக் அங்கிருந்து 130 கிலோமீட்டர். பேருந்தில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே நேரம். நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கோயிலும் ஒரு கடைத்தெருவும்தான். முழங்கால் வலியால் அம்மா பேருந்தை விட்டே இறங்கவில்லை. அவருடைய 500 வெள்ளி பேருந்துச் சன்னலோடு முடிந்துபோனது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அன்று எதைப் பார்த்து ஏறினார்கள்?

நம் பாட்டன்மார் காலத்தில் கப்பல் என்றால் 'ரஜூலா'தான். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. 8,000 டன்னுக்குச் சற்றே கூடுதலான அந்தக் கப்பலில், தொடக்க காலத்தில், தளத்தில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது! இன்று உலகின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றான, 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' அதைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு பெரியது. அதில் ஏறும் பயணிகளோ ஏழாயிரத்துச் சொச்சம்தான். நம்மவர்கள் எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் தாயார் 1962இல், பதினோரு வயதில், தம் தந்தையோடு அதில் போய் வந்தவர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டனாரின் தாயார் நோயில் கிடந்தாராம். காம்பாரில் ரயிலேறி, பிறையில் இறங்கி, படகில் பினாங்கு போய்க் கப்பல் ஏறியிருக்கிறார்கள். தளத்தில் பாய் விரித்துப் படுக்கை, தகரப்பெட்டியே தலையணை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராதாம். தொலைவிலேயே நின்றுவிட, அலையில் ஆடும் படகுகளில் இறங்கிக் கரை சேர வேண்டும்.

அன்று எவராவது 'கப்பலில் என்ன வசதி?' என்று கேட்டிருப்பார்களா? எந்தக் கரையில், யார் காத்திருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

கப்பலைப் பார்த்து ஏறிய காலமும் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். எதிரே நின்றது அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தும், மானமுள்ள மக்கள் வ.உ.சி.யின் கப்பலையே தேடி ஏறினார்கள். கொழும்பு இரண்டு கப்பலுக்கும் ஒன்றுதான். அவர்கள் தேர்ந்தெடுத்தது கொள்கையை. காலத்தின் கோலத்தைப் பாருங்கள்: ரஜூலா ஓய்வு பெற்றபோது அந்தக் கடல் வழியை ஏற்றுக்கொண்ட இந்தியக் கப்பலின் பெயர் 'சிதம்பரம்'! 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதன்பின் அந்தக் கப்பல் வழி நமக்கு இல்லாமலே போயிற்று.

பெயர் மாறும் கப்பல், மாறாத ஊர்

ரஜூலா 1973இல் கைமாறி, 'ரங்கத்' என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. 'சிதம்பரம்' கூட முதலில் 'பாஸ்டர்' என்ற பெயரில் பிரான்சு நாட்டவர் கட்டிய கப்பல்தான். நம் நாட்டில் 1993இல் உருவாகி, நம் துறைமுகங்களுக்கெல்லாம் வந்துபோன ஸ்டார் குரூசஸ் கப்பல்களை நடத்திய பெரிய நிறுவனம், கோவிட் தொற்றுக்குப் பிறகு 2022 ஜனவரியில் நொடித்துப்போனது. அதன் கப்பல்கள் விற்கப்பட்டும் உடைக்கப்பட்டும் சிதறின.

கப்பல் இன்று இருக்கும், நாளை இல்லாமல் போகும். ஊர் அங்கேயே இருக்கும். அப்படியானால் எதைப் பார்த்துப் பணம் கட்டுவது அறிவுடைமை?

பணம் கட்டுமுன் கேளுங்கள்

முதலில், துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள். விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்றால் நிற்பது போர்ட் கிள்ளானில். நகரம் 40 கிலோமீட்டர் தள்ளி. 'பாங்காக்' கதையை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, கரையில் எத்தனை மணி நேரம்? புறப்படுவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பாகவே எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும். இறங்குவதற்கும் வரிசை உண்டு. காகிதத்தில் எட்டு மணி நேரம் என்றால் கையில் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகச் சுற்றப் போய்த் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது.

மூன்றாவது, கப்பல் துறையோடு அணைகிறதா, கடலில் நங்கூரமிடுகிறதா? புக்கெட்டின் பாத்தோங் கடற்கரை போன்ற இடங்களில் சிறு படகில் மாறிக் கரை சேர வேண்டும். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நான்காவது, கடிகாரம். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால்; இலங்கையும் இந்தியாவும் இரண்டரை மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் இறங்காதீர்கள்.

ஐந்தாவது, விலையில் அடங்காதவை. துறைமுக வரி, ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்ற சேவைக் கட்டணம், கரைச் சுற்றுலாப் பேருந்து, இணையத் தொடர்பு எல்லாம் தனி. எல்லாவற்றையும் கூட்டி, கரையில் கிடைக்கும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குதான். ஆனால் கண் திறக்கும்.

கடைசியாக, பருவம். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. வங்கக்கடல் அப்படியல்ல, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொந்தளிக்கும். வானிலையைக் காரணம் காட்டி ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகக் கப்பல்காரருக்கு உரிமை உண்டு என்று பயணச்சீட்டு விதியிலேயே எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் குளத்தில் குளித்து விளையாடினால் போதும் என்பது உங்கள் விருப்பமானால், அதற்கு நம் ஊரிலேயே நீர் விளையாட்டுப் பூங்காக்கள் உண்டு, கடப்பிதழும் வேண்டாம்.

ஊரைப் பார்த்துத் தேடுகிறவர்களுக்கு வழிகள் மெல்லத் திறந்து வருகின்றன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்குப் போகத் தொடங்கியது. திருகோணமலையில் கோணேசுவரர் கோயில் கடலைப் பார்த்தபடி பாறை மேல் நிற்கிறது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 20 கிலோமீட்டருக்குள். அந்நாளில் நம் ரயில் நிலையங்களிலும் தோட்ட அலுவலகங்களிலும் வேலை செய்த எத்தனையோ பேருடைய பூர்வீக மண் அது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம், காங்கேசன்துறை இடையே பயணிகள் கப்பலும் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். இவற்றில் போக நினைப்பவர்கள் அப்போதைய அட்டவணையையும் விசா விதிகளையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

அம்மா கேட்ட ஊர்

2024இல் இரண்டாம் முறை போனோம். இம்முறை கப்பலைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்டோம். "எந்த ஊரும்மா பார்க்கணும்?"

"பினாங்கு" என்றார்.

தம்பி சிரித்துவிட்டான். "காம்பார்ல ரயிலேறினா மத்தியானத்துக்குள்ள பினாங்கு. அதுக்கு எதுக்கும்மா கப்பல்?"

"ரயில்ல இல்லடா. கடல்லேர்ந்து பார்க்கணும்."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. போர்ட் கிள்ளானில் ஏறிப் பினாங்கில் ஒரு பகல் நிற்கும் பயணமாகத் தேடிப் பிடித்தேன். சிறிய கப்பல், சறுக்கல் கிடையாது. பிள்ளைகள் முகம் சுருங்கியது உண்மைதான். செலவு முன்னைவிடப் பாதிக்கும் குறைவு.

விடியுமுன்பே அம்மா என்னை எழுப்பினார். மேல்தட்டில் போய் நின்றோம். பெரிய கப்பல்கள் பினாங்குப் பாலத்தின் அடியில் நுழைய முடியாது. தீவின் வடபுறமாகச் சுற்றித்தான் வர வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த ரஜூலாவும் அந்தப் பக்கமாகத்தான் வந்தது. முக்கா முனையில் 1883இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் தெரிந்தது. பிறகு பனி விலக விலக, மலை கடலிலிருந்து எழுந்து வந்தது.

அப்போதுதான் அம்மா சொன்னார். 1962இல் போகும்போது அவருடைய தந்தை, "வீட்டுக்குப் போறோம்மா" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாராம். ஊரில் தாயாரைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பி வருகையில், இதே இடத்தில், இந்த மலையைக் காட்டி, "இதோ வீடு வந்திருச்சும்மா" என்றாராம். "அப்பாவுக்கு வீடு எதுன்னு எனக்கு அன்னிக்கு விளங்கல புள்ள. ரெண்டையும் வீடுன்னாரே!"

எட்டு மணிக்கு ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினோம். பேருந்து வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்தால் விக்டோரியா மணிக்கூண்டு. அதை அடுத்துக் கார்ன்வாலிஸ் கோட்டை. மெல்ல நடந்தால் பினாங்கு வீதியின் பூக்கடைகள். குவீன் வீதியில் 1833இல் அமைந்த மாரியம்மன் கோயில். முழங்கால் வலிக்காரர் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து, எல்லாவற்றையும் பார்த்தார். அர்ச்சனைச் சீட்டில் அவர் சொன்ன பெயர் தம் தந்தையின் பெயர்.

காம்பார் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொண்டார்கள். "கப்பல் எப்படி இருந்துச்சு பாட்டி? பெரிசா?"

அம்மா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "கப்பலா? அது பாட்டுக்கு இருந்துச்சு. நான் பினாங்குக்குல்ல போனேன்!"