சபைக் கூட்டத்தில் வீட்டுக்காரருக்கு இடமுண்டா?

தம் வீட்டைப் பற்றிப் பேசப்படும் கூட்டத்திலே வீட்டுக்காரர் அமர்ந்திருக்கலாமா என்று கேட்டால், கிராமத்தில் வாழ்பவர் நகைப்பர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளில் குடியிருக்கும் நம்மவருக்கோ இது நகைப்புக்குரிய வினாவன்று.

தொடர்மாடியில் வீடு வாங்குபவர் நான்கு சுவர்களுக்கு உட்பட்ட இடத்தை மாத்திரம் வாங்குவதில்லை. கூரை, படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தாங்கி, அத்திவாரம் ஆகிய யாவற்றிலும் அவருக்குப் பங்குண்டு. இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவ்வகை உடைமைக்கு வழி வகுத்தன. உரிமையாளர் அனைவரும் சேர்ந்ததே முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். அவர்கள் தெரிவு செய்யும் சிலர் சபையாக அமர்ந்து காரியங்களை நடத்துவர். ஆண்டுப் பொதுக்கூட்டம் எல்லோருக்கும் உரியது. ஆனால் அன்றாட முடிவுகள் பிறப்பது சபைக் கூட்டத்திலன்றோ?

உரிமையாளரை அங்கே அனுமதித்தல் கூடாதென்பாரும் உளர். வம்பு வளரும், ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகும், அயலவரின் கட்டண நிலுவை ஊர்ப்பேச்சாகும் என்பது அவர் வாதம். இதனை முற்றாகத் தள்ளிவிட முடியாது. கூட்டமென்றதும் பேசியே தீரவேண்டும் என்று எழுபவரை நாம் எல்லோரும் அறிவோம்!

பிறநாட்டார் இதற்கு வழி கண்டுள்ளனர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடைமுறையிலுள்ள பொது உபவிதிகளின்படி, உரிமையாளர் பார்வையாளராக அமரலாம். ஒருவரது அந்தரங்கம் பாதிக்கப்படக்கூடிய விடயம் வரும்போது வெளியேறவேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் அவருக்கு வரும் உரிமையுண்டு; சபை தீர்மானித்து இசைந்தாலன்றிப் பேசும் உரிமை இல்லை. அமெரிக்காவின் புளோரிடா இன்னும் தாராளமானது. 48 மணி நேரத்துக்கு முன் அறிவித்தல் ஒட்டப்படவேண்டும். வருபவர் நிகழ்ச்சிநிரலில் உள்ளவை பற்றிப் பேசவும் செய்யலாம். வழக்கறிஞருடன் வழக்குப் பற்றி ஆலோசிக்கும் கூட்டமும், ஊழியர் பற்றிய கூட்டமும் விலக்கு.

அந்தப் புளோரிடாவிலேதான், சேர்ப்சைட் என்னும் கடற்கரை நகரில், 2021 ஜூன் 24 அதிகாலையில் 12 மாடிக் கட்டிடமொன்று சரிந்து 98 பேர் மாண்டனர். 1981இல் கட்டப்பட்டு 136 வீடுகளைக் கொண்டிருந்த அதனைப் பற்றி, 2018இலேயே பொறியியலாளர் ஒருவர் அறிக்கை கொடுத்திருந்தார். நீச்சற்குளத் தளத்தின் கொங்கிறீற்று பெரிதும் பழுதுற்றிருப்பதாக அதில் எழுதியிருந்தார். அடுத்த மாதமே கூடிய கூட்டத்தில், கட்டிடம் நல்ல நிலையில் இருப்பதாக நகரசபை அதிகாரி ஒருவர் கூறியதாகக் கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது. கேட்டவர்கள் ஆறுதலடைந்திருப்பர். பின்னர் செலவு பற்றிய பிணக்குகள். 2019இல் சபை உறுப்பினர் பலர் விலகினர். ஏறக்குறைய 90 இலட்சம் டொலராக மதிப்பிடப்பட்ட வேலை, 2021 ஏப்ரலில் சபைத் தலைவர் உரிமையாளருக்குக் கடிதம் எழுதியபோது 150 இலட்சம் டொலராகியிருந்தது. சரிவின் காரணத்தைத் தீர்மானிப்பது பொறியியலாளர் பொறுப்பு. அதில் நாம் தலையிடவேண்டியதில்லை. எனினும் கதவு திறந்திருந்த நாட்டிலேயே இவ்வாறு நடந்ததென்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே, நாற்காலி மாத்திரம் போதாதென்பது என் அபிப்பிராயம். உரிமையாளர் வரட்டும், பின்வரிசையில் அமரட்டும், பேசுவதற்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கப்படட்டும். அதைவிட முக்கியமானது, சபையின் மேசையிலுள்ள அறிக்கை அவர் கைக்கும் வருவது. 2022இல் புளோரிடா இயற்றிய சட்டம் இவ்வழியே சென்றது. மூன்று மாடிகளும் அதற்கு மேலும் உயர்ந்த பழைய தொடர்மாடிகள் பரிசோதிக்கப்படவேண்டும். பரிசோதகர் எழுதிய சுருக்கம் ஒவ்வோர் உரிமையாளருக்கும் சேரவேண்டும். தாங்கி ஒழுகுவதைக் கண்ணாற் கண்டவர் கட்டண உயர்வுக்குச் சண்டையிடுவது குறைவு. காரணம் கூறாமல் கேட்கப்படும் ஐயாயிரம் ரூபாய்க்கே எதிர்ப்புக் கிளம்புகிறது.

கொழும்பில் இன்னுமொரு சிக்கல். வீட்டுக்குச் சொந்தக்காரர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்க, வீட்டில் வாழ்பவர் வாடகைக்காரராக இருப்பதுண்டு. பின்வரிசை நாற்காலியால் அந்த உரிமையாளருக்குப் பயனில்லை. கூட்டம் முடிந்த ஒரு கிழமைக்குள் கூட்டக் குறிப்பின் பிரதி அவருக்கு மின்னஞ்சலிற் போகவேண்டும். லிப்ட் நின்றால் ஆறு மாடி ஏறுகின்ற வாடகைக்காரருக்கும், கீழ்த்தளத்து அறிவித்தற் பலகையில் ஒரு பிரதி ஒட்டிவைத்தல் நன்று.