பேசாத திரையைப் பேச வைப்பது எப்படி?

கடையில் ஒரு மிக்ஸி வாங்கினால் அதனுடன் ஒரு குறிப்பேடும் வருகிறது. எத்தனை வோல்ட் மின்சாரம் வேண்டும், எந்த விசை எதற்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் 40 ஆண்டுகளுக்கு முன் செய்த கணினித் திரை ஒன்று குறிப்பேடு ஏதுமின்றிக் கிடைத்தால் என்ன செய்வது? செய்தவர்களைக் கேட்கலாம் என்றால், அந்த நிறுவனமே இன்று இல்லாமல் இருக்கலாம். அப்போது திரையிடமே கேட்டு விடை பெற வேண்டும். அதற்கும் வழி உண்டு, தோழியரே!

முனையம் என்பது என்ன?

1970-களில் ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினர். ஒவ்வொருவர் முன்பும் இருந்தவை ஒரு விசைப்பலகையும் ஒரு திரையும் மட்டுமே. இதற்கு டெர்மினல், அதாவது முனையம் என்று பெயர். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட வி.டி. 100 இவற்றுள் புகழ் பெற்றது. அதன் திரையில் வரிக்கு 80 எழுத்துகளாக 24 வரிகள் தெரியும். 1998-இல் அந்நிறுவனத்தைக் காம்பாக் நிறுவனம் வாங்கிவிட்டது. ஆயினும் வி.டி. 100 அறிந்திருந்த கட்டளைகளை இன்றைய லினக்ஸ் கணினிகளும் புரிந்துகொள்கின்றன.

முதலில் பாதுகாப்பு

இத்திரைகளின் உள்ளே இருப்பது பழைய தொலைக்காட்சியில் இருந்தது போன்ற படக்குழாய். அதன் கழுத்தில் சூடேறும் இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்படுகின்றன. 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் அவற்றை இழுத்துத் திரையின் மேல் மோதச் செய்கிறது. மோதிய இடம் ஒளிர்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் இந்த மின்னூட்டம் குழாயில் தங்கியிருக்கும். ஆகவே பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் அதனை இறக்கிவிடும் வரை பெட்டிக்குள் கை வைக்கவே கூடாது. தொலைக்காட்சி பழுது பார்க்கும் என் மாமா, இத்தகைய வேலையின்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரு கைகளும் பட்டால் மின்சாரம் மார்பின் வழியே பாயும் என்பதே காரணம்.

கண்ணால் படித்தல்

மின்சாரம் கொடுக்கும் முன் பின்புறத் தகட்டைப் படிக்க வேண்டும். 115 வோல்ட் என்று எழுதியுள்ள அமெரிக்கத் திரையை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால், அது அன்றே முடிந்தது. அடுத்து, உள்ளேயுள்ள சில்லுகளின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரையின் குறிப்பேடு தொலைந்தாலும் சில்லுகளின் விவரத்தாள்கள் இன்றும் கிடைக்கின்றன. 7805 என்றால் 5 வோல்ட் தருவது. 7812 என்றால் 12 வோல்ட் தருவது. அவற்றின் கால்களிலிருந்து செல்லும் கம்பிகளைத் தொடர்ந்தால், எங்கே எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

மூன்று கம்பிகளின் இரகசியம்

நாம் சொல்வதெழுதும்போது ஆசிரியை சொற்களைச் சொல்வார். 'அடுத்த வரி' என்பார். 'அடுத்த பக்கம்' என்பார். திரைக்கும் இந்த மூன்றும் வேண்டும்: எழுத வேண்டிய படம், வரியைத் தொடங்கும் துடிப்பு, பக்கத்தைத் தொடங்கும் துடிப்பு. சில திரைகளில் இவை ஒரே கம்பியில் கலந்து வரும். சிலவற்றில் தனித்தனியே வரும். மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், உலோகச் சட்டத்துடன் சேர்ந்திருக்கும் கம்பி தரைக் கம்பி எனத் தெரியும். மற்றவற்றுள் குழாயின் கழுத்தை நோக்கிச் செல்வது படம். உயர் அழுத்த மின்மாற்றியின் பக்கம் செல்வது வரித் துடிப்பு. எஞ்சியது பக்கத் துடிப்பு.

கணக்கு காப்பாற்றும்

துடிப்புகளின் வேகம் தவறினால் என்ன ஆகும்? ஐ.பி.எம். 1981-இல் வெளியிட்ட 5151 என்னும் திரையைப் பார்ப்போம். அதில் எழுத்துகள் 25 வரிசை. ஒவ்வோர் எழுத்தின் உயரம் 14 கோடுகள். ஆக 350 கோடுகள். அது நொடிக்கு 18,432 கோடுகள் வரைகிறது. 50 பக்கங்கள் காட்டுகிறது. வகுத்துப் பார்த்தால் பக்கத்திற்கு ஏறத்தாழ 369 கோடுகள். மிஞ்சும் 19 கோடுகளின் நேரத்தில் கதிர் மீண்டும் மேலே செல்கிறது. நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சிக்கோ நொடிக்கு 15,625 கோடுகள். 5151 தன் உயர் அழுத்தப் பகுதியை இயக்கவே வெளியிலிருந்து வரும் வரித் துடிப்பை நம்பியிருக்கிறது. ஆகவே தவறான துடிப்பு அதனைச் சுட்டுவிடவும் கூடும். துடிப்பே வராவிட்டால் அது இருளாகவே இருக்கும். அந்த இருள் பழுதன்று. எனவே ஊகித்துக் கொடுத்துப் பார்க்காமல், அதனுடன் வந்த கணினியின் துடிப்பை ஆஸிலாஸ்கோப்பால் அளந்து அறிவதே நல்லது.

முதல் ஒளி

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது இடையில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைப்பார்கள். உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும்; திரை தப்பிக்கும். குழாயின் கழுத்தில் செம்மஞ்சள் ஒளி தெரிந்தால் இழைக்கு உயிர் உண்டு. அதன் பின் திரையே பேசத் தொடங்கும். எழுத்துகள் சாய்ந்து கிழிந்தால் வரித் துடிப்பு சரியில்லை. படம் மேலும் கீழும் உருண்டால் பக்கத் துடிப்பு சரியில்லை. நடுவில் ஒரே ஒரு பளிச்சென்ற கோடு நின்றால், உடனே ஒளியைக் குறைக்க வேண்டும். இல்லையேல் அந்த இடம் கருகிவிடும்.

முனையம் முழுவதையும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதன் 25 முள் இணைப்பில் அனுப்பும் முள் 2, பெறும் முள் 3. இரண்டையும் கம்பியால் இணைத்துத் தட்டினால், அனுப்பிய எழுத்தே திரும்பி வந்து திரையில் தோன்றும்.

தோழியரே, படக்குழாயின் கண்ணாடிக் கழுத்து ஒடிந்தால் ஒட்ட முடியாது. ஆகவே அவசரப்படாமல் பார்த்து, அளந்து, கணக்கிட்டு, அதன் பிறகே விசையைப் போட வேண்டும். கண்டறிந்த ஒவ்வொன்றையும் தேதியிட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டியுடன் வைத்துவிட வேண்டும். அடுத்து அதனைத் திறப்பவருக்கு அத்தாளே குறிப்பேடாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு