தோமாவின் கல்லறைக்குப் படியிறங்குவோம்



ஜூலை 3, திருத்தூதர் தோமாவின் திருநாள். அதையொட்டி, சென்னை சாந்தோம் பேராலயத்துக்குத் திருப்பயணம் வர விரும்புகிறவர்களைப் பெயர் கொடுக்கச் சொல்லியிருந்தேன். போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாய் வந்து நின்றார். மகனை அடக்கம் செய்து ஒரு வருடம்தான் ஆகிறது. "சாமி, செபமாலையைக் கையில எடுத்தாலே 'ஏன்'ங்கிற கேள்விதான் வருது. விசுவாசம் இல்லாம நான் அங்க வரலாமா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சாந்தோமில் முன்பு போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவில் இருந்தது. இன்று நாம் காணும் வெண்ணிற ஆலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. இது கோத்திக் பாணி. இந்தப் பாணியில் வளைவுகள், கூப்பிய கைகளைப்போல் மேலே கூர்மையாகச் சேரும். மேலுள்ள பாரம் வளைவுகள் வழியாகத் தூண்களுக்கு இறங்கிவிடுவதால், சுவரில் உயரமான சன்னல்கள் வைக்க முடியும். வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சம் உள்ளே இறங்கும். வாசலில் கால் வைத்ததும் நம் கண் தானாக மேலே போகும்.

ஆனால் அந்த ஆலயத்தின் இதயம் கீழே இருக்கிறது. படியிறங்கிப் போனால் தோமாவின் கல்லறை. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார், 1545இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கி, அடுத்து மலாக்கா பக்கம் போவதா என்று இறைவனின் திருவுளம் தேடிச் செபித்தார். 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அங்கே வந்தார்.

யாருடைய கல்லறை அது? காயத்தைத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்றவருடையது. யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். எட்டு நாள் கழித்துச் சீடர்கள் கூடியபோது தோமாவும் அங்கே இருந்தார். சந்தேகம் தீரவில்லை; ஆனாலும் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. ஆண்டவர் அவரைக் கடிந்து விரட்டவில்லை. தம் காயங்களையே காட்டினார். உயிர்த்த பிறகும் அந்தக் காயங்கள் அவர் உடலில் இருந்தன.

நம் ஆதிச்சநல்லூர்ப் பறம்பில், இறந்தோரைத் தாழியில் வைத்தவர்கள் தானியமும் பாத்திரமும் கூடவே வைத்தார்கள். போனவர் பசித்திருப்பாரோ என்று தவித்த மனசு அது. கல்லறை முன்னால் கேள்வி எழுவது புதிதல்ல, பாவமும் அல்ல.

ஆகவே திருப்பயணிகளே, கோபுரத்தைப் படம் எடுப்பது பிறகு ஆகட்டும். முதலில் படியிறங்குவோம். கேள்வி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். வீட்டில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தாயின் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டேன்.