சிறு பட்டணமும் சேவா சங்கமும்

தனித்தனியே வலியற்றிருக்கும் குடியானவர்கள் ஒன்றுகூடித் தங்கள் கஷ்டத்தைத் தாங்களே நீக்கிக்கொள்ளும் ஏற்பாடே ஐக்கிய நாணய சங்கம். அதன் பயன் முதலில் அங்கத்தினரையே சேரும், அது நியாயமுமாகும். ஆயினும் எந்தச் சங்கத்திலும் சேர இயலாத சிலர் ஒவ்வோர் ஊரிலும் உளர். பங்குத்தொகை செலுத்த வழியற்றவர், கண்ணிழந்தவர், பிறந்த நாள் முதல் திண்ணையை விட்டு இறங்காத ஊனமுற்ற குழந்தை ஆகியோரின் குறை எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை. இத்தகையோரைத் தேடிச் சென்று உதவுவதற்கு ஏற்பட்டவை சேவா சங்கங்கள். அவை நடைபெறும் முறையையும், அவற்றால் ஒரு சிறு பட்டணத்துக்கு விளையும் நன்மையையும் ஐக்கிய சங்க அங்கத்தினர் அறிந்துகொள்வது நலம்.

இவ்வகைச் சங்கங்களுள் பழமையானது ரோட்டரி சங்கம். அது அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரில் 1905-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ஆம் தேதி தோன்றிற்று. அதனைத் தொடங்கிய பால் ஹாரிஸ் என்னும் வக்கீல், வெர்மாண்ட் மாகாணத்தில் வாலிங்போர்டு என்னும் சிற்றூரில் பாட்டனாரிடம் வளர்ந்தவர். பெருநகரில் அண்டை வீட்டாரும் அந்நியராயிருப்பதைக் கண்டு, சிற்றூரில் தாம் கண்ட ஒட்டுறவை அங்கும் உண்டாக்க விரும்பினார். நிலக்கரி வியாபாரி ஒருவர், சுரங்க எஞ்சினீயர் ஒருவர், தையற்கடைக்காரர் ஒருவர் ஆகிய மூவர் அவருடன் கூடினர். கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அங்கத்தினர் இடத்தில் சுழன்று நடந்தமையால் அப்பெயர் வந்தது. பின்னர் 1917-இல் அதே நகரத்து வியாபாரியாகிய மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் லயன்ஸ் சங்கமும் ஏற்பட்டது.

பெருநகரில் பிறந்த இவ்வேற்பாட்டின் முழுப் பயனையும் சிறு பட்டணங்களிலேயே தெளிவாகக் காணலாம். ஒஹையோ மாகாணத்தில், கிளீவ்லண்ட் நகருக்கு மேற்கே சுமார் 25 மைல் தூரத்தில் எலிரியா என்னும் ஊர் உளது. 1907-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி அவ்விடத்தில் டிராம் வண்டி விபத்தொன்று நேர்ந்தது. காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்யத் தகுந்த ஆஸ்பத்திரி ஊரில் இல்லை. அன்று உயிரிழந்தவர்களில் ஒருவன் எட்கார் ஆலன் என்னும் வியாபாரியின் மகன். மகனை இழந்த ஆலன் துக்கத்தில் ஆழ்ந்து இருந்துவிடவில்லை. தம் வியாபாரத்தை விட்டு, ஊராரிடம் நிதி திரட்டினார். மறு வருஷமே, அதாவது 1908-இல், எலிரியாவில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஊனமுற்ற குழந்தைகளுக்கென்றே மற்றோர் ஆஸ்பத்திரி 1915-இல் ஏற்பட்டது.

இவ்விடத்தில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஆஸ்பத்திரி கட்டிவிட்டால் நோயாளி தானே வருவான் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஊனமுற்ற குழந்தைகளைப் பெற்றோர் பலர் வெளியார் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்ததை ஆலன் கண்டார். சிலருக்கு வெட்கம், சிலருக்குச் செலவைப் பற்றிய அச்சம், சிலருக்கு இதனைக் குணப்படுத்தலாம் என்பதே தெரியாது. கட்டிடமும் வைத்தியரும் இருந்தும், குழந்தைக்கும் படுக்கைக்கும் இடையே நின்ற தூரத்தைக் கடப்பிக்க ஆள் இல்லை. அதற்கு ஊருக்கு ஊர் நம்பிக்கைக்குரிய மனிதர்கள் தேவையாயினர்.

அத்தகைய மனிதர்களை ஆலன் ரோட்டரி சங்கங்களில் கண்டார். அச்சங்கங்களின் துணையோடு 1919-இல் ஒஹையோ மாகாணத்தில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான சங்கம் நிறுவப்பட்டது. அவ்வூழியம் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் பரவிற்று. 1934 முதல் ஈஸ்டர் பண்டிகைக் காலத்தில் சிறு முத்திரைகள் விற்று அதற்குப் பணம் சேர்க்கப்பட்டது. அதனால் ஈஸ்டர் சீல்ஸ் என்பதே அந்நிறுவனத்தின் பெயராக நிலைத்தது. ஒரு சிறு பட்டணத்தில் ஒரு தகப்பனுக்கு நேர்ந்த துயரம் இவ்வாறு தேசம் முழுவதற்கும் உபகாரமாயிற்று.

ஒரு சேவா சங்கத்தால் இதனைச் செய்ய இயல்வதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அதன் அங்கத்தினர் அமைப்பு. ரோட்டரி சங்கத்தில் ஆதியில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒருவரே சேர்க்கப்பட்டனர். ஆகவே வைத்தியர், வக்கீல், வியாபாரி, உபாத்தியாயர், கட்டிட வேலைக்காரர் ஆகிய பலரும் ஒரே மேஜையில் அமர்ந்தனர். பள்ளிக்கு வராத பிள்ளையை உபாத்தியாயர் அறிவார். அதன் நோயை வைத்தியர் அறிவார். வண்டிக்கு வியாபாரி வழி செய்வார். ஊரில் சிதறிக் கிடக்கும் அறிவு ஓரிடத்தில் கூடுவதே பெரும் மூலதனம்.

இரண்டாவது, தவறாத கூட்டமும் மாறும் உத்தியோகஸ்தரும். குறித்த நாளில் கூடுவதால் சென்ற கூட்டத்தில் ஏற்ற பொறுப்பு முடிந்ததா என்ற கேள்வி எழாமற்போகாது. தலைவர் பதவி ஒரு வருஷத்துக்கே உரியதாகையால், சங்கம் ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிடுவதில்லை.

மூன்றாவது, கணக்கு. லயன்ஸ் சங்கங்களில் பொதுஜனங்களிடம் திரட்டிய பணம் வேறு, அங்கத்தினர் சந்தா வேறு. நிர்வாகச் செலவு சந்தாவிலிருந்தே செய்யப்படவேண்டும். பொதுப் பணத்தைப் பொதுக் காரியத்தைத் தவிர வேறொன்றுக்கும் தொடலாகாது என்பது விதி. கணக்குச் சுத்தமாயிருந்தால்தான் மறுமுறை உண்டியலில் காசு விழும். இதன் அருமையை ஐக்கிய சங்கத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பணம் மிகுதியாய் வேண்டாத காரியங்களும் உண்டு. இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் கண்ணிழந்தவர் ஒருவர் கறுப்புக் கோலுடன் தெருவைக் கடக்க முடியாமல் தவித்ததை லயன்ஸ் சங்கத்தார் ஒருவர் கண்டார். வண்டி ஓட்டுவோருக்கு அக்கோல் புலப்படவில்லை என்பது தெரிந்தது. சங்கத்தார் கோல்களுக்கு வெள்ளைச் சாயம் பூசி வழங்கினர். அதனோடு நில்லாமல் நகரசபையை அணுகினர். வெள்ளைக்கோல் தாங்கியவருக்கு வழிவிட வேண்டும் என்ற சட்டத்தை 1930-இல் நகரசபை இயற்றியது. செலவு சாயமும் தூரிகையுமே, பயனோ நீடித்தது. தொடங்குவது சங்கம், நிலைநிறுத்துவது நகரசபை என்பதே நல்ல சேவையின் முறை.

குறைகள் இல்லாமலும் இல்லை. ரோட்டரி சங்கங்களில் நெடுங்காலம் ஸ்திரீகளுக்கு இடமில்லை. கலிபோர்னியா மாகாணத்தில் டுவார்ட்டி என்னும் சிறு பட்டணத்துச் சங்கம் 1977-இல் மூன்று ஸ்திரீகளைச் சேர்த்தமைக்காக மறு வருஷம் நீக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1987-இல் ஸ்திரீகளுக்குச் சாதகமாக முடிவுற்றது. 1989-இல் ரோட்டரி விதியே உலகமெங்கும் திருத்தப்பட்டது. ஊரில் பாதிப்பேரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஊர்ச் சேவை செய்வதாகச் சொல்லிக்கொள்வது பொருந்தாது. பெரிய மனிதர் நாலுபேர் விருந்துண்டு கலையும் இடமாகச் சங்கம் ஆகிவிடுவதும் இத்தகைய குறையே.

எலிரியாவில் தொடங்கிய ஊழியத்துக்கும் இந்தியக் குழந்தைகளுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. குழந்தைகளின் கைகாலை முடக்கும் நோய்களில் கொடியது இளம்பிள்ளை வாதம். அதனை உலகினின்றே ஒழிக்கும் பணியை ரோட்டரி சங்கத்தார் 1985-இல் மேற்கொண்டனர். இந்தியாவில் சர்க்காரின் சொட்டு மருந்து நாட்களில் ஊர்தோறும் ரோட்டரி அங்கத்தினர்கள் சர்க்கார் ஊழியருக்குத் துணை நின்று, குழந்தைகளை அழைத்துவந்தனர். இந்நாட்டில் அந்நோய் கடைசியாகக் கண்டது 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், வங்காளத்து ஹௌராவில். 2014-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ஆம் தேதி இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. மருந்தும் பணமும் மட்டும் இதனைச் செய்யவில்லை; விடுபட்ட வீட்டுக்கு மீண்டும் நடந்து சென்ற கால்களும் செய்தன.

ஐக்கிய சங்க அங்கத்தினர் இதிலிருந்து கொள்ளவேண்டியது ஒன்றே. கூடுவதற்கும் கணக்கு வைப்பதற்கும் அவர்கள் முன்னமே பழகியவர்கள். அடுத்த மாதக் கூட்டத்தில், கடன் விண்ணப்பங்கள் முடிந்தபின், “இவ்வூரில் நம்மிடம் வந்து கேட்க இயலாதவர் யார்?” என்னும் கேள்வியை எழுப்பி, ஒரு பெயரையாவது குறித்து, அவ்வீட்டுக்குச் சென்றுவரும் பொறுப்பை இருவரிடம் ஒப்புவிப்பார்களாயின், தனியே ஒரு சேவா சங்கம் ஏற்படும்வரை ஊர் காத்திருக்க வேண்டுவதில்லை.