பழைய வேனும் தேய்ந்த இணைப்பும்

மாருதி ஆம்னி என்னும் சிறு வேனை அறியாதார் தமிழ்நாட்டில் இரார். 1984-ம் வருஷத்தில் வெளிவந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. உற்பத்தி நின்றதேயன்றி உழைப்பு நிற்கவில்லை. பள்ளிச் சிறுவரை ஏற்றிக்கொண்டும், காய்கறி மூட்டை சுமந்தும், தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கியைத் தலையில் கட்டிக்கொண்டும் அது ஓடுவதை இன்றும் காண்கிறோம். தேச ஊழியர்களில் அதன் பின்னாசனத்தில் குலுங்காதவர் எத்தனை பேர்? ஆதலின் அதன் அடியிலுள்ள ஓர் உறுப்பைப்பற்றி நாம் எழுதுவது இப்பத்திக்குப் புறம்பான விஷயமென்று நேயர்கள் கருதமாட்டார்கள்.

இவ்வண்டியின் எஞ்சின் முன்னாசனத்தின் கீழ் இருக்கிறது. வண்டியைத் தள்ளுபவையோ பின்சக்கரங்கள். எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்வது புரொப்பெல்லர் ஷாப்டு எனப்படும் நீண்ட இரும்புத் தண்டு. மேடுபள்ளங்களில் அச்சு ஏறி இறங்குந்தோறும் தண்டின் கோணம் மாறவேண்டும். அதற்காகவே அதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவான இணைப்புகள் உள்ளன. தொழிலாளர் இதனைக் 'கிராஸ்' என்பர். சிலுவையின் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணங்கள். ஒவ்வொன்றினுள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். நீர் புகுந்து கிரீஸ் வற்றினால் இவ்வூசிகள் துருவேறித் தேய்ந்து பொடியாகின்றன. முன்முனை இணைப்பு ஓட்டத்தில் அறுந்துவிட்டால், தண்டு தரையில் விழுந்து ஊன்றி வண்டியையே புரட்டிவிடக் கூடும். 2012-ல் சென்னைக்கருகே பள்ளி பஸ் ஒன்றின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி மாண்டதை நாடு மறந்திராது. வண்டியின் மேற்பூச்சைப் பார்ப்பவர் பலர். அடியைக் குனிந்து பார்ப்பவர் சிலரே.

இணைப்பு திடீரென்று அறுவதில்லை. பல நாள் முறையிட்ட பின்னரே அறுகிறது. கிளச்சை விட்டு வண்டி நகரும்போதும், முன் ஓட்டத்திலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் 'டக்' என்று ஓர் அடி கேட்கும். மெதுவாய்ச் செல்லுகையில் குருவி கத்துவது போன்ற கீச்சொலி எழுந்து, வேகத்துடன் அதுவும் விரையும். பின்னர் தரையே நடுங்கும். இச்சப்தத்தைக் காதால் மாத்திரம் கேட்டு, 'டிப்ரென்ஷியல் போய்விட்டது' என்று தீர்ப்புக் கூறி, ஏழை வண்டிக்காரனின் பணப்பையைக் காலி செய்வோரும் உளர். பரீக்ஷை மிக எளிது. எஞ்சினை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். இணைப்பின் ஒரு பக்கத்தை ஒரு கையாலும் மறுபக்கத்தை மற்றொரு கையாலும் பற்றி, எதிரெதிராய்த் திருகுங்கள். இரண்டுக்குமிடையே சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் கிராஸ் ஒழிந்தது என்றே கொள்க. இரண்டும் சேர்ந்தே ஆடினால் அது பல்சக்கரங்களின் இடைவெளி. ஓரளவு இருப்பது இயல்பே. கிண்ணத்தைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் வேறு சாக்ஷி வேண்டியதில்லை.

பழுது பார்ப்பதில் அவசரமே சத்துரு. தண்டைக் கழற்றுமுன் அதன் தட்டிலும் அச்சின் தட்டிலும் நேராக ஒரு குறி இடவேண்டும். பழைய நிலையிலேயே பூட்டினாலன்றிச் சமநிலை கெட்டு நடுக்கம் தொடரும். கியர் பெட்டியிலிருந்து முனையை உருவும்போது எண்ணெய் ஒழுகும். கீழே பாத்திரம் வைப்பதும், பூட்டியபின் எண்ணெய் அளவு பார்ப்பதும் அவசியம். வளையப் பூட்டுகளை எடுத்துவிட்டு, கிண்ணங்களை வைஸில் இறுக்கி வெளியேற்ற வேண்டும். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் கவையின் காது கோணிவிடும். கோணியபின் எத்தனை புதுக் கிராஸ் போட்டும் பயனில்லை. புதுக்கிண்ணத்தைச் செலுத்துகையில் ஒரே ஓர் ஊசி சாய்ந்து அடியில் கிடந்தாலும் கிண்ணம் முழுதும் இறங்காது. பூட்டின் பள்ளம் தெரியாது. அப்போது பலவந்தம் செய்யாமல் பிரித்துப் பார்ப்பவனே தொழிலாளி. முடிவில் இணைப்பு எல்லாத் திசையிலும் தடையின்றி மடங்கவேண்டும்.

மலிவென்று போலிக் கிராஸ் வாங்கும் வழக்கத்தை நாம் வன்மையாய்க் கண்டிக்கிறோம். எனினும் குற்றம் வண்டிக்காரனுடையது மாத்திரமன்று. 2022-ல் மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகார இலாகா 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு கமிட்டி நியமித்தது. மோட்டார் வண்டிகளும் அதன் ஆராய்ச்சிக்கு உட்பட்டன. நல்ல காரியமே. ஆனால் உரிமையை உபயோகிக்க வேண்டியவன் சாலையோரப் பட்டறையில் கரியேறிய கையோடு நிற்கும் தமிழன். அவனுக்கு வேண்டிய அளவுகளும் படங்களும் அவன் படிக்கும் பாஷையில் இல்லாவிடில், அவ்வுரிமையால் அவனுக்கு யாது பயன்? ஒவ்வொரு வண்டிக்கும் உரிய பழுதுநூலைத் தமிழில் அச்சிட்டு, நியாயமான விலைக்குப் பட்டறைகளில் கிடைக்கச் செய்யும்படி உற்பத்தியாளரையும், அதற்கு அவர்களைக் கட்டாயப்படுத்தும்படி சர்க்காரையும் கேட்டுக்கொள்ளுகிறோம். அதுவரையில், நாளைக் காலையில் பிள்ளைகளை ஏற்றுமுன் டிரைவர் ஒரு முறை வண்டியின் அடியில் படுத்து அத்தண்டைத் திருகிப் பார்க்கட்டும்.