கச்சேரிகளைக் காக்கும் டிஸ்க்

வயலின் மேதை ஜெயராமனால் (1930–2013) பெயர் பெற்ற லால்குடிதான் என் ஊர். பழைய கச்சேரி கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி வீட்டு சர்வரில் சேர்த்து வருகிறேன். எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்று கேட்பவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். வீட்டு ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட்தான் போகும். பாட்டுக் கோப்புகளுக்குச் சாதாரண டிஸ்க்கே தாராளம்.

கவனிக்க வேண்டியது எழுதும் முறை. எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பில் ஒரு டிஸ்க் பழுதாகி, அதன் இடத்தில் இந்த வகையைப் போட்டுத் தகவலை நிரப்பினால் திணறிவிடும். சில சமயம் கெட்டுப்போனதென்று சர்வரே ஒதுக்கிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல், சர்வருக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்க்குகள் இந்த வகைதான் என்று 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. வாங்குபவரிடம் முன்பே சொல்லாதது பெரிய தவறு. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். வகை என்று உறுதி செய்துகொண்டே வாங்குங்கள்.

எங்கள் ஊர் வெயிலை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் கூகுள் வெளியிட்ட ஆய்வு, சூட்டைவிட வேறொன்றைப் பற்றி எச்சரித்தது: பரப்பைச் சோதிக்கும் ஸ்கேனில் முதல் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். அதனால் மாதம் ஒருமுறை முழு ஸ்கேன் ஓட்டுங்கள். ரெய்டு இருக்கிறதே என்று இருந்துவிடாமல், இன்னொரு பிரதியை ஸ்ரீரங்கத்திலோ திருச்சியிலோ உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள்.